மோட்டார் ஆஃப் ஆனதும் போர்டு ரீசெட் ஆகிறதா? மின் இரைச்சலை அடக்கும் முறை

மொட்டைமாடி டேங்க் நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சர்க்யூட், ஆர்டுயினோ பழகும் பலரும் முதலில் செய்து பார்க்கிற வேலை. மேசையில் ஒரு எல்இடியை வைத்துச் சோதிக்கும்வரை அதில் குறையே தெரியாது. மோட்டாருக்குச் சப்ளை கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரோடு இணைத்துப் பெட்டிக்குள் மாட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும். மோட்டார் நிற்கிற கணத்தில் போர்டு ரீசெட் ஆகி மறுபடி மோட்டாரைப் போடும். எல்சிடியில் புரியாத எழுத்துகள் ஓடும். டேங்க்கில் பாதித் தண்ணீர் இருக்கும்போதே நிறைந்துவிட்டதாகக் காட்டும். சில நாள் எதற்கும் அசையாமல் ஹேங் ஆகிக் கிடக்கும். உடனே புரோகிராமில் பிழை தேட உட்கார்ந்துவிடுவார்கள். மேசையில் சரியாக ஓடிய புரோகிராம் பெட்டிக்குள் போனதும் கெட்டுப்போவதில்லை. காரணம் பெரும்பாலும் மின் இரைச்சல், அதாவது வயர்களில் தேவையில்லாமல் ஏறும் மின் துடிப்புகள்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் மோட்டார், அதற்கொரு கான்டாக்டர், அந்தக் கான்டாக்டரை இயக்கும் 5 வோல்ட் ரிலே போர்டு, ஆர்டுயினோ நானோ அல்லது ஊனோ, ஐ2சி எல்சிடி, மாடியிலிருந்து இறங்கிவரும் ஃப்ளோட் சுவிட்ச் வயர். வேறு கன்ட்ரோலர் வைத்திருந்தாலும் வரிசை மாறாது: முதலில் இரைச்சல் பிறக்கும் இடம், பிறகு அது வரும் வழி, கடைசியில் சிப். புதியவர்கள் பெரும்பாலும் சிப்பின் பக்கத்தில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை வைத்துவிட்டு, அது உதவவில்லையே என்று அலுத்துக்கொள்வார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் மெயின் எம்சிபியை இறக்கிவிடுங்கள். டெஸ்டரால் பார்த்து சப்ளை இல்லை என்று உறுதி செய்த பிறகே கான்டாக்டரில் கை வையுங்கள்.

இரைச்சல் எங்கே பிறக்கிறது

கான்டாக்டரின் காயில் (அதை இழுக்கும் கம்பிச்சுருள்) ஓர் இன்டக்டர். அதில் ஓடும் கரன்ட்டை ரிலே திடீரென அறுக்கும்போது கரன்ட் உடனே நின்றுவிடாது. ஓடும் தண்ணீரை வால்வைச் சட்டென மூடி நிறுத்தினால் பைப் அதிர்கிற மாதிரி, காயிலின் முனைகளில் வோல்டேஜ் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் எகிறும். ரிலேயின் கான்டாக்ட்டுகள் அப்போதுதான் பிரிந்துகொண்டிருக்கும். அந்தச் சின்ன இடைவெளியை வோல்டேஜ் பொறியாகத் தாண்டும், பொறி அணையும், வோல்டேஜ் மறுபடி ஏறும், மறுபடி தாண்டும். ஒரே ஒரு ஆஃப்பில் இப்படிப் பல பொறிகள். ஒவ்வொன்றும் சில நானோநொடிகளில் எகிறுவதால் பக்கத்தில் ஓடும் வயர் எல்லாம் ஆன்டெனா ஆகிவிடுகிறது. ஐஇசி 61000-4-4 என்ற சோதனைத் தரம் இதைத்தான் செயற்கையாக உண்டாக்குகிறது: 5 நானோநொடியில் ஏறி 50 நானோநொடி அகலம் கொண்ட துடிப்புகள், கூட்டம் கூட்டமாக. மல்டிமீட்டர் இதைக் காட்டாது.

ஆஃப் ஆகும்போது மட்டும் கோளாறு வந்தால் பெரும்பாலும் இந்தக் காயில்தான் காரணம். ஆன் ஆகும்போது வந்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். மோட்டார் எடுக்கும் ஸ்டார்ட்டிங் கரன்ட்டில் லைன் வோல்டேஜ் இறங்கி அடாப்டர் தடுமாறலாம், அல்லது ரிலே இழுக்கும்போது 5 வோல்ட் சப்ளையே சரியலாம்.

வாங்கும் முன் வழியைக் கண்டுபிடியுங்கள்

கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் இருபது தடவையாவது ஆன்-ஆஃப் செய்து பாருங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

1. மோட்டார் வயரைக் கான்டாக்டரிலிருந்து கழற்றிவிட்டுக் காயிலை மட்டும் இயக்குங்கள். கோளாறு தொடர்ந்தால் மோட்டார் குற்றவாளி இல்லை.
2. காயில் வயரையும் கழற்றி, ரிலே மட்டும் சொடுக்கட்டும். இப்போதும் ரீசெட் ஆனால் பிரச்சினை 5 வோல்ட் பக்கம் இருக்கிறது.
3. காயிலைத் திரும்ப மாட்டி, அடாப்டருக்குப் பதிலாகப் பவர் பேங்க்கில் போர்டை ஓட்டுங்கள். கோளாறு நின்றால் இரைச்சல் சப்ளை வழியாக வருகிறது. கரன்ட் மிகக் குறைவாக எடுத்தால் சில பவர் பேங்க்குகள் தாமாக அணைந்துவிடும். அதை ரீசெட் என்று எண்ணிவிடாதீர்கள்.
4. அடாப்டரிலேயே ஓட்டி, மாடிக்குப் போகும் சென்சர் வயரைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டுப் பாருங்கள். நின்றால் வழி அந்த வயர்தான்.

இந்தச் சோதனைகளின்போது லேப்டாப்பை யுஎஸ்பியில் மாட்டி வைக்காதீர்கள். லேப்டாப் மாட்டினாலே கிரவுண்ட் வழி மாறிவிடும். கோளாறு அதிகமாகவும் ஆகலாம், மறைந்தும் போகலாம்.

ஊனோ, நானோ போர்டுகளில் உள்ள ஏடிமெகா328பி சிப் தன் ரீசெட்டுக்கான காரணத்தை எம்சியூஎஸ்ஆர் என்ற ரெஜிஸ்டரில் குறித்து வைக்கும். பிட் 0 பவர் ஆன், பிட் 1 ரீசெட் பின், பிட் 2 வோல்டேஜ் வீழ்ச்சி, பிட் 3 வாட்ச்டாக் (புரோகிராம் ஹேங் ஆனால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்). பிட் 2 எழுந்திருந்தால் சப்ளையைப் பாருங்கள், பிட் 1 என்றால் ரீசெட் பின்னைப் பாருங்கள். சில பூட்லோடர்கள் (சிப்பில் முதலில் ஓடி, புரோகிராம் ஏற்ற உதவும் சிறு புரோகிராம்கள்) இதைப் படித்து அழித்துவிட்டே நம் புரோகிராமைத் தொடங்கும். எப்போதும் பூஜ்யமே கிடைத்தால் காரணம் அதுதான்.

காயிலிலேயே அடக்குவது

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குப் பலன் அதிகம். கான்டாக்டர் காயிலின் ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே, முடிந்தவரை குட்டை வயரில், இரண்டு பாகங்களைப் போடுங்கள்.

முதலாவது ஆர்சி ஸ்னப்பர்: 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக. கெப்பாசிட்டரின் உடம்பில் எக்ஸ்2 என்றும் 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். 400 வோல்ட் என்று மட்டும் எழுதிய சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டர் டிசிக்கானது. 230 வோல்ட் ஏசியின் உச்சமே சுமார் 325 வோல்ட். அதன்மேல் துடிப்புகளும் சேர்ந்தால் அது ஒருநாள் ஷார்ட் ஆகி எரியும். எக்ஸ்2 வகை, லைனுக்குக் குறுக்கே நிரந்தரமாக இருப்பதற்கென்றே செய்து சோதிக்கப்படுவது. ரெசிஸ்டர் 1 வாட் அல்லது 2 வாட். கணக்குப் போட்டால் அதில் வீணாகும் பவர் சில மில்லிவாட்தான், கால் வாட்டே போதும் என்று தோன்றும். ஆனால் லைன் உச்சத்தில் இருக்கும்போது ஆன் ஆனால் ஒரு கணம் 3 ஆம்பியருக்கு மேல் அதன் வழியே பாயும். கால் வாட் ரெசிஸ்டர் இதைச் சில மாதம் தாங்கிவிட்டுச் சத்தமில்லாமல் அறுந்துபோகும். வயர் சுற்றிய வகையும் வேண்டாம், அதுவே ஒரு காயில்.

இரண்டாவது எம்ஓவி: 14டி471. இது 300 வோல்ட் ஏசி வரை சும்மா இருந்து, அதற்குமேல் எகிறுவதை வெட்டும். 14டி431 இன்னும் தாழ்வாக வெட்டும். ஆனால் அதன் எல்லை 275 வோல்ட். இரவில் லைன் வோல்டேஜ் 260, 270 என்று ஏறுகிற ஊர்களில் அது சூடாகிச் சீக்கிரம் கெடும். இரண்டு பாகமும் ஏன் வேண்டும் என்றால், எம்ஓவி உயரத்தை வெட்டுகிறதே தவிர ஏறும் வேகத்தைக் குறைப்பதில்லை. வேகத்தைக் குறைப்பது ஆர்சி.

ஸ்னப்பரைக் காயிலின் குறுக்கே போடுங்கள், ரிலே கான்டாக்ட்டின் குறுக்கே வேண்டாம். கான்டாக்ட்டின் குறுக்கே போட்டால் ரிலே திறந்திருக்கும்போதும் 0.1 மைக்ரோஃபாரட் வழியே சுமார் 7 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன காயில் அந்தக் கரன்ட்டில் விடாமல் முனகும், இண்டிகேட்டர் விளக்கு மங்கலாக எரியும். ஃபேன் கெப்பாசிட்டர் கையில் இருக்கிறதே என்று 2.5 மைக்ரோஃபாரட்டை அங்கே போடுகிறவர்களும் உண்டு. அது கிட்டத்தட்ட 180 மில்லிஆம்பியரை விடும். மோட்டார் நிற்கவே நிற்காது.

5 வோல்ட் ரிலேயின் காயிலும் இதே இனம்தான், அளவில் சின்னது. அதன் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். கடையில் கிடைக்கும் ரிலே போர்டுகளில் டயோடு ஏற்கெனவே இருக்கும். யுஎல்என்2003 வைத்துச் சொந்தமாகச் செய்தால் 9ஆம் பின்னை ரிலே சப்ளையின் பிளஸ்ஸோடு இணைக்க மறக்காதீர்கள். உள்ளே இருக்கும் டயோடுகள் அந்தப் பின் வழியாகத்தான் வேலை செய்யும்.

ரிலேயே வேண்டாம் என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. எம்ஓசி3063 டிரைவர் சிப்பும், ஏசிக்கான எலக்ட்ரானிக் சுவிட்சான பிடி136-600 டிரையாக்கும் சேர்த்துக் காயிலை இயக்கினால், டிரையாக் தன் கரன்ட் பூஜ்யத்தை நெருங்கும்போது மட்டுமே அணையும். அறுப்பதற்குக் கரன்ட் இல்லாததால் எகிறலும் இருக்காது, பொறிக்கு இடமே இல்லை. டிரையாக்கின் குறுக்கே 10 நானோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் போட்டால் போதும். கசிவு 1 மில்லிஆம்பியருக்குள் நிற்கும்.

ஒரு குதிரைத்திறன் மோட்டாரை நேரே நீலநிற 10 ஆம்பியர் ரிலேயில் மாட்டுவது இங்கே பேச்சுக்கே இல்லை. அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரியான லோடுக்கான கணக்கு. மோட்டார் ஓடும்போதே சுமார் 6, 7 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் எந்த புரோகிராமும் அதை நிறுத்தாது.

சப்ளையும் கிரவுண்டும்

ரிலே காயில் ஒன்று 5 வோல்ட்டில் சுமார் 70 மில்லிஆம்பியர் எடுக்கும். அதை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காதீர்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரிலிருந்து போர்டுக்கு ஒரு ஜோடி, ரிலேக்குத் தனியாக ஒரு ஜோடி என்று அடாப்டர் முனையிலேயே பிரித்து ஓட்டுங்கள். மைனஸ் வயர்கள் அந்த ஒரே புள்ளியில் மட்டும் சேரட்டும். ரிலேயின் மைனஸ் போர்டின் கிரவுண்ட் வழியாகப் போய்த் திரும்பினால், ரிலே சொடுக்கும்போதெல்லாம் போர்டின் பூஜ்யமே ஆடும்.

ஆப்டோ (சிக்னலை ஒளி வழியே கடத்தி இரு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் பாகம்) வைத்த ரிலே போர்டுகள் பலவற்றில் ஜேடி-விசிசி, விசிசி என்ற இரு பின்களைச் சேர்க்கும் ஜம்பர் ஒன்று இருக்கும். அது இருக்கும்வரை ஆப்டோ வெறும் அலங்காரம். ஜம்பரைக் கழற்றி, ஜேடி-விசிசிக்கும் அதன் பக்கத்து கிரவுண்டுக்கும் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். விசிசியும் இன்புட் பின்னும் ஆர்டுயினோவுக்குப் போகட்டும். ஆர்டுயினோ கிரவுண்டை ரிலே போர்டில் எங்கும் இணைக்கக் கூடாது. அதை இணைத்துவிட்டு “ஆப்டோ போட்டும் ரீசெட் ஆகுதே” என்று கேட்பவர்கள் நிறைய.

போர்டுக்கு 5 வோல்ட் நுழையும் இடத்தில் 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக், அதன் பக்கத்திலேயே 104 என்று எழுதிய 100 நானோஃபாரட் செராமிக். பெரியது வோல்டேஜ் சரிவைத் தாங்கும். வேகமான துடிப்புக்குச் சின்னதுதான் பதில் சொல்லும். சப்ளை வயரை ஃபெரைட் கோருக்குள் இரண்டு மூன்று சுற்று விட்டு எடுத்தால், பிளஸ்ஸிலும் மைனஸ்ஸிலும் ஒன்றாக ஏறிவரும் இரைச்சல் குறையும். மலிவு அடாப்டர்களில் அந்த வகைதான் அதிகம். இஎஸ்பி32 என்றால் வைஃபை அனுப்பும்போது கரன்ட் சில நூறு மில்லிஆம்பியர் வரை குதிக்கும், ஆகவே 3.3 வோல்ட் பின்னிலும் 10 முதல் 100 மைக்ரோஃபாரட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாடியிலிருந்து வரும் வயர்

ஃப்ளோட் சுவிட்சிலிருந்து 15, 20 மீட்டர் இறங்கி வரும் வயரை நேரே சிப்பின் பின்னில் சொருகி, உள்ளே இருக்கும் புல்-அப்பை (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) நம்புவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த உள் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை. அவ்வளவு பலவீனமான பிடிப்பை, பக்கத்தில் ஓடும் மோட்டார் வயரே அசைத்துவிடும்.

உறுதியான வழி 12 வோல்ட்டும் பிசி817 ஆப்டோவும். தனி 12 வோல்ட் சப்ளையின் பிளஸ் மாடிக்குப் போய், ஃப்ளோட் சுவிட்ச் வழியாகத் திரும்பி, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆப்டோவின் எல்இடிக்குள் நுழைந்து மைனஸ்ஸில் முடியட்டும். கரன்ட் சுமார் 5 மில்லிஆம்பியர். எல்இடியின் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4148. ஆப்டோவின் மறுபக்கம் எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் சிப் பின்னுக்கு. அந்தப் பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட். அந்த 12 வோல்ட்டை ஆர்டுயினோ சப்ளையிலிருந்தே எடுத்தால் கிரவுண்ட் ஒன்றாகிப் பிரிவினை போய்விடும்.

ஆப்டோ இல்லாமல் ஓரளவு சமாளிக்கவும் முடியும். வயர் போர்டை அடையும் இடத்தில் 5 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் புல்-அப், அங்கிருந்து 10 கிலோ ஓம் வழியாக சிப் பின்னுக்கு, பின்னில் 100 நானோஃபாரட் கிரவுண்டுக்கு. அதே கட்டடத்தில் குட்டை வயர் என்றால் இது போதும்.

வயரை ஜோடியாக முறுக்கி ஓட்டுங்கள். 230 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் விடாதீர்கள். ஓர் அடியாவது இடைவெளி வேண்டும், குறுக்கே போகத்தான் வேண்டும் என்றால் நேர்குறுக்காகப் போகட்டும். பைப் ஒன்றுதான் இருக்கிறது, சுவரை உடைக்க முடியாது என்ற நிலையில் ஆப்டோ வழி கட்டாயம்.

சிப்பின் அருகே

போர்டைச் சொந்தமாகச் சால்டர் செய்தால் ஏடிமெகா328பியின் 7, 8 பின்களுக்கிடையே ஒரு 100 நானோஃபாரட், 20, 22 பின்களுக்கிடையே இன்னொன்று, 21ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு மூன்றாவது. கால்களை நீளமாக விடக் கூடாது. வயர் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்ரி இன்டக்டன்ஸ் கொண்டது. 10 மில்லிமீட்டர் காலில் 2 நானோநொடிக்குள் 50 மில்லிஆம்பியர் மாறினால் கால் வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். கெப்பாசிட்டர் இருந்தும் இல்லாத கதை.

ரீசெட் பின்னுக்கு வெளியே 10 கிலோ ஓம் புல்-அப் போடுங்கள். ஊனோ, நானோ போர்டுகளில் புல்-அப் ஏற்கெனவே உண்டு. அவற்றில் புரோகிராம் ஏற்றி முடித்த பிறகு ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் சேர்க்கலாம். முன்பே சேர்த்தால் தானாக ரீசெட் ஆகி புரோகிராம் ஏறுவது நின்றுபோகலாம். இஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையுள்ள இன்புட் பின்களுக்கு உள் புல்-அப் கிடையாது; அவற்றை வெறுமனே விட்டால் காற்றில் வருவதையெல்லாம் படிக்கும்.

பலரும் கவனிக்காத இடம் பிரவுன்-அவுட் ஃபியூஸ்: சப்ளை எந்த வோல்ட்டுக்குக் கீழே போனால் சிப் ரீசெட் ஆக வேண்டும் என்று சிப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் அமைப்பு. ஊனோ 2.7 வோல்ட்டில் அமைந்து வருகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் இந்தச் சிப் ஒழுங்காக ஓட சுமார் 3.8 வோல்ட்டாவது வேண்டும். ஆக 2.7க்கும் 3.8க்கும் நடுவே சப்ளை சரிந்தால் சிப் நிற்கவும் செய்யாது, சரியாக ஓடவும் செய்யாது. தாறுமாறாகக் கட்டளைகளை நிறைவேற்றும், ஈஈபிராமில் (சப்ளை போனாலும் அழியாத நினைவகம்) வைத்த அளவுகளை அழிக்கும். சிப்பில் நேரடியாக எழுதும் ஐஎஸ்பி புரோகிராமர் இருந்தால் ஃபியூஸை 4.3 வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

எல்சிடி வயரை 20, 30 சென்டிமீட்டருக்குள் வையுங்கள், எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டுக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப். குப்பை எழுத்துகள் வருவதற்குக் காரணம், எல்சிடி நான்கு நான்கு பிட்டாகத் தகவல் வாங்குவதுதான். ஒரு துடிப்பு தவறினால் அடுத்தடுத்த எழுத்து எல்லாம் பாதி பாதியாக மாறிப் பொருந்தும்; அதைத் திரும்பத் தொடங்கிவைக்கும்வரை சரியாகாது.

புரோகிராமில் செய்ய வேண்டியவை

ஹார்டுவேரை முடித்த பிறகே இங்கே வாருங்கள். மோட்டாரை ஆஃப் செய்து ஒரு நொடி கழித்து எல்சிடியை மறுபடி தொடங்கிவையுங்கள். ஃப்ளோட் சுவிட்சை 20 மில்லிநொடிக்கு ஒருமுறை படித்து, தொடர்ந்து 100 முறை ஒரே பதில் வந்தால் மட்டும் நம்புங்கள். டேங்க் நிறைவதில் இரண்டு நொடி தாமதத்தால் ஒன்றும் ஆகாது. ஐ2சி லைப்ரரியில் டைம்-அவுட் வசதியை இயக்குங்கள், இல்லாவிட்டால் பஸ் ஒருமுறை சிக்கினால் புரோகிராம் அங்கேயே காத்துக் கிடக்கும். ரிலே பின்னை அவுட்புட்டாக அறிவிக்கும் முன்பே அதற்கு ஆஃப் நிலையை எழுதிவிடுங்கள். சப்ளை வந்ததும் உடனே மோட்டாரைப் போடாமல் ஒரு நிமிடம் பொறுக்கச் செய்யுங்கள். ஆஃப், ரீசெட், ஆன், மறுபடி ஆஃப் என்று கான்டாக்டர் படபடத்து எரிவதை இது தடுக்கும்.

வாட்ச்டாக்கை 8 நொடிக்கு வைக்கலாம். பழைய பூட்லோடர் உள்ள நானோவில் மட்டும் எச்சரிக்கை: வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகு அது ரீசெட் சுழற்சியிலேயே மாட்டிக்கொள்ளும். புது பூட்லோடரை ஏற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அடங்கிவிட்டதா என்று பார்ப்பது

புரோகிராம் தொடங்கும்போதெல்லாம் ஈஈபிராமில் ஓர் எண்ணிக்கையைக் கூட்டி எல்சிடியின் மூலையில் காட்டச் செய்யுங்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கான்டாக்டரை ஐந்து நொடிக்கு ஒருமுறை நூறு தடவை ஆன்-ஆஃப் செய்யுங்கள். எண் ஏறக் கூடாது.

அதற்கும் மேல் கடுமையாகச் சோதிக்க மலிவான வழி உண்டு. டயோடு போடாத 12 வோல்ட் ரிலே ஒன்றை எடுத்து, அதன் காயிலை அதன் சொந்த என்சி கான்டாக்ட் (ரிலே இழுக்காதபோது மூடியிருப்பது) வழியாகவே 12 வோல்ட் பேட்டரிக்கு இணையுங்கள். இழுத்ததும் தன் சப்ளையைத் தானே அறுத்துக்கொள்ளும், உடனே விடும், மறுபடி இழுக்கும், இடைவிடாமல் கரகரக்கும். அந்தக் காயில் வயரில் ஒரு மீட்டர் நீளத்தைச் சென்சர் வயரோடு சேர்த்துச் சுற்றி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு சப்ளை வயரோடு, பிறகு எல்சிடி வயரோடு. காயில் முனைகளில் கை வைக்காதீர்கள், 12 வோல்ட் பேட்டரியானாலும் அங்கே உதைக்கும். எந்த வயரோடு சுற்றும்போது எண் ஏறுகிறதோ அந்த வயருக்கான பகுதியைத் திரும்பச் செய்யுங்கள். மீடியம் வேவ் ரேடியோ வீட்டில் இருந்தால், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் திருப்பி வைத்துப் பெட்டியின் அருகே பிடியுங்கள். ஸ்னப்பருக்கு முன் கான்டாக்டர் விடும்போது கேட்ட ‘படார்’, ஸ்னப்பர் போட்ட பிறகு நன்றாகத் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை என்றால் ஸ்னப்பரின் ரெசிஸ்டரை மீட்டரில் அளந்து பாருங்கள், அறுந்திருக்கலாம்.